கேபிள் உரிமமும் காலக்கெடுவும்

நாஞ்சில் நாட்டில் வீடுதோறும் படம் காட்டும் கேபிள் தொழிலுக்கும் சட்டம் உண்டென்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாதவர் இத்தொழிலை நடத்தலாகாது. மீறினால் கருவிகள் பறிமுதலாகும்.

முன்பு உள்ளூர் கேபிள்காரர்கள் தலைமை அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் 500 ரூபாய் கட்டிப் பதிவைப் புதுப்பித்தனர். 2025 ஜனவரி 17 முதல் விதி மாறிற்று. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய். பதிவு ஐந்தாண்டு செல்லும். கணக்கிட்டால் செலவு இருமடங்கு, அலைச்சலோ குறைவு.

ஆனால் பதிவு முடிய 90 நாட்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்தாக வேண்டும். ஆண்டுதோறும் செய்வது நினைவில் நிற்கும். ஐந்தாண்டுக்கொருமுறை வருவது மறந்துபோகும். மறந்தால் போவது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. எனவே, கணினி அறிந்த மாணவ நண்பர்களே, உங்கள் ஊர் கேபிள்காரருக்கு அந்த நாளைக் குறித்துக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.