சமாதானம் படித்த பிள்ளைக்கு எங்கே தொழில்?

பிள்ளை மருத்துவமோ பொறியியலோ கணக்கியலோ படிக்கப் போகிறது என்றால் நம்மவர்கள் மறுகேள்வி கேட்பதில்லை. 'சமாதானமும் முரண்பாட்டுத் தீர்வும்' என்று ஒரு பட்டப்படிப்பின் பெயரைச் சொன்னால்தான் கடைக்குள் பேச்சு நின்றுவிடுகிறது. அண்மையில் கெய்சர் வீதியில் புடைவை மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் இந்தப் பிரச்சினையோடு என்னிடம் வந்தார். மகளுக்குக் களனிப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடநெறிக்கு இடம் கிடைத்திருக்கிறது. "ஹாஜியார், இதைப் படிச்சு முடிச்சா சம்பளம் யாரு குடுப்பாங்க? சண்டை பிடிச்சவங்களா?" என்று கேட்டார். பகிடிக்காக அவர் கேட்கவில்லை. மகளைக் கம்பஸுக்கு அனுப்புவதா, ஏ.ஏ.டி. கணக்கியல் வகுப்பில் சேர்த்து விடுவதா என்று ஒரு கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருந்தார்.

இந்தப் பாடம் நேற்று முளைத்ததல்ல. நோர்வேயின் ஒஸ்லோ நகரில் 1959ஆம் ஆண்டிலேயே ஜொஹான் கல்டுங் சமாதான ஆய்வு நிறுவனமொன்றை ஆரம்பித்தார். சுவீடனின் உப்சாலாவில் 1971இலும், இங்கிலாந்தின் பிராட்போர்டில் 1973இலும் இதற்கெனப் பல்கலைக்கழகத் துறைகள் உருவாகின. நமது நாட்டில் இந்தப் படிப்புக்கு மதிப்பு கூடியது 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பிறகு. சமாதானச் செயலகம் வந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன. 2004 சுனாமிக்குப் பின் அம்பாறை, மட்டக்களப்புப் பக்கம் என்.ஜீ.ஓ. வாகனங்கள் நிறைந்திருந்ததை அங்கே கடை வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவருக்கெல்லாம் வேலை கிடைத்த காலம் அது.

பிறகு 2009இல் யுத்தம் முடிந்தது, சமாதானச் செயலகமும் மூடப்பட்டது. வெளிநாட்டுப் பணம் படிப்படியாக வற்றியது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலை முதலாம் திகதியுடன் யூ.எஸ்.எயிட் என்ற நிறுவனமே தனியாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. அதன் பணத்தில் உலகெங்கும் நடந்த திட்டங்களில் இருந்த பலர் வீட்டுக்குப் போனார்கள். வியாபாரிக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரேயொரு கொள்வனவாளரை நம்பிச் சரக்கெடுத்தவனின் கதைதான் இது. ஆகவே "என்.ஜீ.ஓ.வில் வேலை கிடைக்கும்" என்ற ஒரே நம்பிக்கையில் பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்புவது சரியான கணக்கல்ல.

அப்படியானால் வேறு எங்கே? முதலில் இந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். ஒருவர் வாயால் கேட்பது வேறு, அவருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு என்பது இதில் ஓர் அடிப்படைப் பாடம். கடன் கொடுத்தவர் "முழுத் தொகையும் நாளைக்கே வேண்டும்" என்று நிற்பார். அவருக்கு உண்மையில் தேவை, நோன்புக்கு முன் சரக்கெடுக்க அதில் பாதிக் காசு. அதைக் கேட்டறிந்து இரு தரப்பும் ஒப்பமிடக் கூடிய ஒரு தாளுக்குக் கொண்டு வருவது ஒரு தொழில். நமது பெரியவர்கள் பள்ளிவாசல் விறாந்தையில் சம்பளமில்லாமல் செய்து வந்த காரியம்தான், ஆனால் இப்போது அதற்கு முறை இருக்கிறது, சட்டம் இருக்கிறது.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த மத்தியஸ்த சபைகளை நீங்கள் அறிவீர்கள். அங்கே உட்காரும் மத்தியஸ்தர்கள் தொண்டர்கள். அது மாதச் சம்பள வேலையல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்குப் பயிற்சியளிக்கும் பணியில் சம்பளம் உண்டு. அதைவிடப் பெரிய இடம் தொழில் உறவுத் துறை. ஆடைத் தொழிற்சாலையிலோ தோட்டத்திலோ வேலைநிறுத்தம் வந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை முதலாளிமார் அறிவார்கள். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் சமரசப் பேச்சு நடத்துவது தொழில் திணைக்களத்தின் வேலை. கம்பனிகளின் ஆளணிப் பிரிவுகளுக்கும் அப்படிப் பேசத் தெரிந்தவர்கள் தேவை. முரண்பாட்டுத் தீர்வு படித்தவர்கள் அந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கவே யோசிப்பதில்லை என்பது என் அனுமானம்.

இன்னொரு புதிய துறையும் இருக்கிறது. 2018 மார்ச்சில் திகனையில் நம்மவர் கடைகள் எரிந்தபோது பேஸ்புக்கில் பரவிய சிங்களப் பதிவுகளும் அதற்கு எண்ணெய் வார்த்தன. அந்தக் கம்பனி 2020 மே மாதத்தில் இதற்கு மன்னிப்புக் கேட்டது. சிங்களமும் தமிழும் தெரிந்து, எந்த வார்த்தை எப்போது ஆபத்தாகும் என்று கணிக்கக் கூடியவர்களை இத்தகைய கம்பனிகளும் கண்காணிப்பு அமைப்புகளும் தேடியிருக்கின்றன. 2014 அளுத்கமை, 2018 திகனை, 2019 மினுவாங்கொடை என்று ஒவ்வொன்றின் பின்னரும் நஷ்டஈட்டுப் படிவம் நிரப்ப நாம் ஆள் தேடினோம். எரிவதற்கு முன்னர் விகாரையோடும் பொலிஸோடும் பக்கத்துக் கடைக்காரரோடும் தொடர்ந்து பேச ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைக்க எந்த வர்த்தகச் சங்கம் முன்வந்தது? 2001இல் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்ட பிறகு உல்லாசப் பயணம், தேயிலை, ஆடைத் துறைகளின் பெரிய வர்த்தகர்கள் 'ஸ்ரீலங்கா பெர்ஸ்ட்' என்ற பெயரில் சமாதானம் கேட்டு வீதிக்கு வந்தார்கள். சமாதானம் வியாபாரச் செலவுக் கணக்கில் ஒரு வரி என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

அரச பக்கத்தில் பிரதேச செயலகங்களின் அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவிகளும், எந்தப் பட்டதாரியும் தோற்றக் கூடிய நிர்வாக சேவை, வெளிநாட்டுச் சேவைப் பரீட்சைகளும் உண்டு. போட்டி கடுமை. ஐ.நா. சர்வதேசப் பதவிகளுக்கு பெரும்பாலும் முதுகலைப் பட்டமும் கள அனுபவமும் கேட்பார்கள், எனவே பட்டம் பெற்ற கையோடு ஜெனீவா போகலாம் என்று கனவு காண வேண்டாம். ஆனால் அரபு ஐ.நா.வின் ஆறு உத்தியோக மொழிகளில் ஒன்று. நமது பிள்ளைகளில் அரபுக் கல்லூரிப் பக்கம் போனவர்களுக்கு இது முதலாகலாம். கிதாபு வாசிக்கும் அரபு போதாது, கடிதம் எழுதும் அரபு வேண்டும்.

ஆக, இந்தப் பட்டம் தனியாக நின்றால் பலவீனம், கூட ஒரு கைத்தொழில் சேர்ந்தால் பெறுமதி என்பதே என் கணிப்பு. நண்பருக்குச் சொன்னதும் அதுதான்: மகளை அனுப்புங்கள், ஏ.ஏ.டி. வகுப்பையும் வார இறுதியில் விடாமல் செய்யட்டும். திட்டம் நடத்தத் தெரிந்து, அதன் கணக்கையும் நன்கொடையாளருக்கு எழுதி அனுப்பத் தெரிந்தவரை எந்த நிறுவனமும் கடைசியாகத்தான் நிறுத்தும். சிங்களத்தை எழுத வாசிக்கக் கற்பது அதைவிட முக்கியம். 2007 முதல் அரச சேவையில் சேர்வோருக்கு இரண்டாம் அரசகரும மொழித் தேர்ச்சி கட்டாயம். தனியார் துறையில் கட்டாயமில்லாவிட்டாலும், கண்டியில் சிங்களம் தெரியாமல் சமரசம் பேச முடியாது. நண்பர் அரை மனதோடுதான் போனார். மகள் களனியில் பதிந்துவிட்டதாகப் பிறகு அறிந்தேன்.

ரோட்டரிக் கழகத்தில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு தகவல். உங்கள் ரோட்டரி நிறுவனம் பிராட்போர்ட், உப்சாலா போன்ற பல்கலைக்கழகங்களில் சமாதானக் கல்வியில் முதுகலைப் படிப்புக்கு முழுச் செலவையும் ஏற்கும் புலமைப்பரிசில் வழங்குகிறது. சில வருட வேலை அனுபவம் அவசியம். விண்ணப்பம் வழக்கமாக மே மாத நடுப்பகுதியில் முடிவடையும். கழக அங்கத்தவரின் சொந்தப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க மாட்டார்கள், பக்கத்துக் கடைக்காரரின் பிள்ளைக்குச் சொல்லலாம்.