பிளக் முனையின் நிறம்

பெட்ரோல் என்ஜினில் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். டீசல் என்ஜினில் இதற்கு வேலையில்லை. அங்கே அழுத்தத்தின் சூட்டிலேயே எரிபொருள் தீப்பிடித்துவிடும். பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி அனுப்ப, பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளியில் பொறி தாவுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் நான்கு ஸ்டிரோக் என்ஜினில், ஒரு சிலிண்டரில் மட்டும் இது 1,500 தடவை நடக்க வேண்டும்.

முனைகள் தேயத் தேய இடைவெளி அகலும். பொறி சில தடவை தவறும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஐடிலிங்கில் உதறும், மேட்டில் பிக்கப் இருக்காது. இதைத்தான் மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்கிறார்கள். எரியாமல் வெளியேறும் பெட்ரோல் சைலன்சர் பாதையிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். அதன் விலையோடு ஒப்பிட்டால் பிளக் விலை அற்பம்.

கழற்றிய பிளக்கை உடனே குப்பையில் போடக் கூடாது. என்ஜினுக்குள் நடப்பதை முனையின் நிறமே காட்டும். வெளிர் பழுப்போ சாம்பலோ என்றால் குறையில்லை. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டியிலும் கரி சேரும்: சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் முனை தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். பிசுபிசுப்பான கருமை ஆயில் ஏறுவதைக் காட்டுகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். வெளுத்துக் கொப்புளித்த முனைதான் ஆபத்தானது. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். புது பிளக் போட்டு இந்த இரண்டையும் சரிசெய்ய முடியாது.

ஒரு சிலிண்டரில் மட்டும் மிஸ்ஸிங் என்றால், அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். கோளாறும் கூடவே இடம் மாறினால் பழுது பிளக்கில். மாறாவிட்டால் காயிலையோ இன்ஜெக்டரையோ சோதிக்க வேண்டும்.

சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை தாங்கும். இரிடியம் பிளக் 1,00,000 வரைகூட உழைக்கும். இரிடியத்தின் மெல்லிய முனையை உப்புத்தாளாலோ கம்பி பிரஷ்ஷாலோ தேய்த்தால் பாழாகிவிடும். சூட்டைக் கடத்தும் திறனைக் குறிக்கும் எண்ணிலும் கவனம் வேண்டும். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த ரகம். பாஷ் பிளக்கில் அதுவே சூடான ரகம். எனவே வண்டியின் கையேடு சொல்லும் ரகத்தையே வாங்க வேண்டும்.

என்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சூட்டில் திருகினால் அலுமினிய ஹெட்டின் மரை கழன்றுவிடும். கழற்றும் முன் பிளக் குழியிலுள்ள தூசியை ஊதிவிட வேண்டும், இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும். புது பிளக்கை முதலில் கையாலேயே திருகி, வாஷர் படிந்த பின் ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் இறுக்கினால் போதும்.