கவனச் சிதறலும் கணபதிப் பட்டறைகளும்

ஒரு முற்பகல்

கோயம்புத்தூரில் சத்தி சாலையை ஒட்டி விரிந்திருக்கும் கணபதியில், பம்புக்கும் மோட்டாருக்கும் வேண்டிய உதிரிகளைக் கடைந்து கொடுக்கும் சிறு லேத் பட்டறைகளின் முதலாளிகளுக்கு, தாமே கடைசல்காரராகவும் கணக்கராகவும் இருந்து தீரவேண்டிய நிர்ப்பந்தம் உண்டு. ஷாஃப்டில் வெர்னியரை வைக்கும் தருணத்தில், "ஏனுங்க, நம்ம ஜாப் எப்பங்க ஆகும்?" என்று ஒரு போன், அதற்கு விடை சொல்லுமுன் வாட்ஸ்அப்பில் ஒரு டிராயிங், அதைத் திறக்குமுன் ஜிஎஸ்டி பில். மாலையில் அத்தகைய முதலாளி ஒருவர் பிடரியைத் தேய்த்துக்கொண்டு, "இன்னிக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்கிறார்.

மனத்துக்கும் செட்டிங் உண்டு

ஒரு ஜாபைக் கழற்றி வேறொன்றை மாட்டினால், துண்டைப் பிடிக்கும் சக்கில் மையம் பார்த்து, டூலை மாற்றி, முதல் துண்டை அளந்த பிறகே உற்பத்தி ஆரம்பமாகும் என்பதை நன்கறிந்த அவரே, தம் சித்தமும் காரியத்துக்குக் காரியம் அவ்வாறே செட்டிங் கேட்கிறது என்பதை ஏனோ ஒப்புக்கொள்வதில்லை. இருவகைக் கணக்குகளை மாற்றி மாற்றிப் போடுவோர்க்கு, ஒரே வகையைத் தொடர்ந்து போடுவோரைவிட அதிக காலம் பிடிக்கிறது என்று ஆர்தர் ஜெர்சில்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1927-லேயே அளந்து காட்டினார். 2009-இல் சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் கண்டது இன்னும் நுட்பமானது: அரைகுறையாய் விட்ட காரியத்திலேயே சிந்தையின் ஒரு பகுதி தங்கிவிடுவதால், அடுத்த காரியமும் பழுதுபடுகிறது.

ஒரே வேளையில் பலவற்றைக் கவனிக்க முடியும் என்பதற்கு, 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம், அதாவது ஒரே வேளையில் நூறு காரியங்களில் கவனம் வைக்கும் வித்தை, செய்த செய்குத்தம்பிப் பாவலரைச் சிலர் உதாரணம் காட்டுவர். அது நெடுநாள் அப்பியாசத்தால் கைவந்த வித்தை. சாமானியருக்கு இயல்பானதாயின் அதைக் காணக் கூட்டம் கூடியிராது.

உடம்பு படும் பாடு

'இடையூறு வந்தாலும் வேலை முடிகிறதே' என்பாருமுண்டு. முடியலாம்; குளோரியா மார்க் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2008-இல் வெளியிட்ட பரிசோதனையில், இடைமறிக்கப்பட்டவர்கள் சற்று விரைவாகவே முடித்தார்கள்; ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் அவர்களிடம் மிகுந்திருந்தன.

பட்டறையிலோ அபாயம் எரிச்சலோடு நிற்பதில்லை. சக்கை இறுக்கிக்கொண்டிருப்பவர் அழைப்பு வந்ததும் இறுக்கும் சாவியை அதிலேயே விட்டு நகர்ந்து, திரும்பிவந்து நினைவின்றி ஸ்விட்சைப் போட்டால், அச்சாவி முகத்துக்கு நேரே தெறித்து வரக்கூடும். சாவியைக் கையிலிருந்து விடுவதானால் சக்கிலிருந்து எடுத்த பிறகே விடவேண்டும் என்று பழைய மேஸ்திரிகள் ஓயாமல் அதட்டுவது இதனால்தான்.

செய்யத்தக்க உபாயங்கள்

அழைப்புகளுக்கென்று முற்பகலில் ஒரு வேளையும் பிற்பகலில் ஒரு வேளையும் ஒதுக்கி, அதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்; கோபித்துக்கொள்பவர் சிலரே. பில் வேலைகளை ஒரே அமர்வில் முடிப்பதும் நன்று. தவிர்க்க இயலாத இடையூறு வந்தால், எங்கே விட்டோம், அடுத்து என்ன என்பதைச் சாக்பீஸால் மேஜையிலேயே ஒரு வரி கிறுக்கிவிட்டு எழுவது, லெரோய் பின்னர் செய்த ஆராய்ச்சியாலும் ஆதரிக்கப்படும் உபாயம்.

இவ்வளவு செய்தும் வாரக்கணக்கில் மனம் ஒன்றாவிடில், பழியை போன்மேல் மாத்திரம் போட்டுவிடாமல் வைத்தியரைக் காண்பது உசிதம். தூக்கக் குறைவும், இரத்தசோகையும், தைராய்டுக் கோளாறும், மனச்சோர்வும் இதே ரூபத்தில் வருவதுண்டு.