கை போதாத நாளின் வைத்தியம்

பேரிடர் வந்த நாளில் வைத்தியசாலையால் வழமைபோல வைத்தியம் பார்க்க முடியாது. பத்துப் பேருக்கென இருக்கும் கட்டிலும் மருந்தும் தாதியரும் நூறு பேருக்குப் பங்காக வேண்டியிருக்கும். எதைக் குறைக்கலாம், யாரை முதலில் பார்ப்பது, எதை எந்த நிலையிலும் கைவிடக்கூடாது என்பதை அமைதியான காலத்திலேயே பேசி எழுதி வைப்பதுதான் நெருக்கடிகால மருத்துவத் தராதரம். இது எழுதப்படாத இடத்தில், இரவிரவாக நித்திரையில்லாமல் நிற்கும் ஒரு வைத்தியரின் தலையில் அத்தனை முடிவும் விழுகிறது. அது நோயாளிக்கும் வைத்தியருக்கும் செய்யும் அநியாயம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இந்த ஏற்பாடு கூடுதல் அவசியம். தரைவழி என்றால் ஆனையிறவு; அதைவிட்டால் 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம். இவை அடைபட்டால் கொழும்பிலிருந்து மருந்து லொறி வராது. 2006 ஓகஸ்ட்டில் போரால் ஆனையிறவு வழியான ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு, கப்பல் வரும்வரை காத்திருந்த அனுபவம் இங்குள்ளவர்களுக்கு உண்டு. ஆகவே முதல் சில நாட்களை வெளியுதவி இல்லாமல் கடப்பதாகவே திட்டம் அமைய வேண்டும். சேலைன், ஒட்சிசன், ஜெனரேற்றருக்கு டீசல் ஆகியவற்றின் கையிருப்பும் அந்தக் கணக்கிலேயே இருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா (பௌர்ணமி) விடுமுறை தினமும்கூட. குடாநாட்டின் வடமராட்சிக் கரையைச் சுனாமி அடித்தபோது, காயப்பட்டவர்கள் மந்திகை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அத்தகைய நேரத்தில் வாசலில் நடக்க வேண்டியது தரம்பிரிப்பு. "நடக்கக்கூடிய ஆக்கள் எல்லாரும் அந்த மரத்தடிக்கு வாங்கோ" என்று ஒருவர் உரக்கக் கூப்பிடுகிறார். எழுந்து போனவர்களுக்குப் பச்சை அட்டை. கிடப்பவர்களிடம் பார்ப்பவை மூன்று: மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டுகிறதா, மணிக்கட்டில் நாடி தெரிகிறதா, சொன்னதைச் செய்கிறாரா. இவற்றில் ஒன்று பிசகினாலும் சிவப்பு, இல்லையென்றால் மஞ்சள். மூச்சுவழியைத் திறந்துவிட்டும் மூச்சு வராதவருக்குக் கறுப்பு. ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட எடுக்காது. ஆனால் பழகாதவர் கைக்கு அது வராது; ஒத்திகை வேண்டும்.

காயத்துக்கும் முறை மாறுகிறது. கடல்நீரும் மண்ணும் புகுந்த வெட்டை உடனே தைத்தால் கிருமியையும் சேர்த்துத் தைத்ததாகிவிடும். கழுவி, பழுதான சதையை அகற்றி, திறந்தே வைத்து, சில நாள் கழித்துத் தைப்பதே சரி. சத்திரசிகிச்சைக்கூடம் நெருக்குப்படும் நாளில் இது நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

எல்லாப் பேரிடரும் ஒரே காலையில் வருவதில்லை. 2024 நவம்பர் இறுதி வெள்ளத்துக்குப் பின், டிசம்பரில் குடாநாட்டில் பலருக்குக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கண்டன, சிலர் இறந்தார்கள். பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரில் இறங்குபவரின் தோல் வெடிப்பு வழியாகக் கிருமி ஏறும். முற்றினால் சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு, தீவிர சிகிச்சைக் கட்டிலும் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரமும் தேவைப்படும். எண்ணிக்கையில் மிகக் குறைந்தவை அவைதான். வயலில் இறங்குமுன் கிழமைக்கொருமுறை டொக்சிசைக்ளின் கொடுப்பது அந்தக் கட்டிலுக்கான போட்டியையே குறைக்கிறது. ஆகவே இந்தத் திட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் நிபுணருக்குச் சமமான இடம் வேண்டும்.

கடலுக்கு அப்பால் இருக்கும் நெடுந்தீவை மறந்து எழுதும் திட்டம் அரைத் திட்டம். குறிகட்டுவான் துறைக்குப் படகு ஓட முடியாத காற்றில், அங்குள்ள சிறு வைத்தியசாலை தனித்தே சமாளிக்க வேண்டும்; பிரசவ ஏற்பாடும் பாம்புக்கடி மருந்தும் தொலைபேசியில் ஆலோசனை சொல்ல ஒரு வைத்தியரும் அதற்கு முன்கூட்டியே உறுதியாக வேண்டும்.

இயந்திரம் ஒன்று, தேவைப்படுபவர் இருவர் என்றால், பிழைக்கும் வாய்ப்பையே பார்க்க வேண்டும். பணம், பதவி, சாதி, ஊர் எதையும் பார்க்கக்கூடாது. முடிவெடுப்பவர் பக்கத்தில் நின்று சிகிச்சை செய்பவராகவும் இருக்கக்கூடாது. அதற்கு இரண்டு மூன்று பேர் கொண்ட தனிக் குழு வேண்டும். பிழைக்க மாட்டார் என்று ஒதுக்கப்பட்டவருக்கும் வலிமருந்து உண்டு, பக்கத்தில் ஓர் ஆள் உண்டு. கை ஓய்ந்ததும் அவரைத்தான் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.