மண்ணுக்குத் திரும்பும் ஆர்க்கிட்

இங்கிலாந்தில் லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் அடியோடு அழிந்துவிட்டது என்று 1917இல் முடிவுகட்டிவிட்டார்கள். செருப்பு முனைபோல் உப்பிய மஞ்சள் இதழ், இருபுறமும் முறுக்கிக்கொண்ட செம்பழுப்பு இதழ்கள். இந்த அழகுதான் அதற்கு எமனாயிற்று. பூவைப் பறித்தவர்கள் ஒருபுறம், வேரோடு தோண்டித் தோட்டத்துக்குக் கொண்டுபோனவர்கள் மறுபுறம். 1930இல் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில், சுண்ணாம்புப் பாறை நிலத்தில், ஒரே ஒரு செடி கண்ணில் பட்டது. இடம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் பூக்கும் பருவம் வந்தால் காவலுக்கு ஆள் நின்றது.

காவலால் அந்தச் செடி பிழைத்தது. ஆனால் பெருகவில்லை.

ஆர்க்கிட் காய் ஒன்றில் ஆயிரக்கணக்கான விதைகள் இருக்கும். எல்லாம் தூசு. நெல்லுக்கும் அவரைக்கும் விதைக்குள்ளேயே இருக்கும் கட்டுச்சோறு இவற்றுக்குக் கிடையாது. மண்ணிலுள்ள தோதான பூஞ்சையின் இழை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் கரு விழிக்கும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் 1899இல் இந்த உறவைக் கண்டறிந்தார். பூஞ்சை இல்லாமலும், சர்க்கரை கலந்த ஊட்டக்கூழில் ஆர்க்கிட் விதைகளை முளைக்கவைக்கலாம் என்று 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன் காட்டினார். தரைவாழ் ஆர்க்கிட்கள் பலவும் இதற்கு எளிதில் மசிவதில்லை.

லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் 1983இல் தொடங்கிய ஆர்க்கிட் பாதுகாப்புத் திட்டம் லேடீஸ் ஸ்லிப்பரையும் கையில் எடுத்தது. முற்றிய விதையின் உறை தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. அதனால் கையால் மகரந்தம் சேர்த்து, காய் பச்சையாக இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள். காயின் வெளிப்புறத்தை ப்ளீச் கரைசலில் கழுவிக் கிருமி நீக்கி, தூய காற்று வீசும் பெட்டிக்குள் வைத்துக் கத்தியால் பிளந்து, உள்ளே ஈரமாக ஒட்டியிருக்கும் வெள்ளை விதைகளை அகர் கூழில் பரப்புகிறார்கள். அதன்பின் இருட்டில் பல மாதங்கள். ஒரேயொரு கிருமி புகுந்தாலும் அந்தக் குப்பி அவ்வளவுதான். முளைத்த கன்றுகளுக்குக் குளிர்காலமும் வேண்டும். சில மாதங்கள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால்தான் மொட்டு உறக்கம் கலைந்து தளிர்க்கும்.

கடினமான பகுதி இதற்குப் பிறகுதான். குப்பிக்குள் சர்க்கரையில் வளர்ந்த கன்று வெளியே வந்ததும் நத்தையையும் வறட்சியையும் எதிர்கொள்ள வேண்டும். 1989 முதல் கன்றுகளைக் காட்டில் நட்டார்கள். அவற்றில் முதல் பூ மலர்ந்தது 2000ஆம் ஆண்டில். பதினோரு ஆண்டுகள்! மூன்றாண்டு நிதி, ஓராண்டு அறிக்கை என்று ஓடும் திட்டங்கள் எதுவும் இதற்கு ஈடுகொடுக்காது. பாதுகாப்புப் பணிக்குப் பணம் ஒதுக்குபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்தக் கால அளவைத்தான்.

ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் தாவரவியல் பூங்கா வேறு வழியில் போகிறது. அழிவின் விளிம்பிலுள்ள சிலந்தி ஆர்க்கிட்டிலிருந்து பூஞ்சையைப் பிரித்தெடுத்து, ஓட்ஸ் கலந்த அகரில் வளர்த்து, அதன்மேல் விதை தூவுகிறார்கள். கன்று தன் பூஞ்சையோடுதான் மண்ணுக்குப் போகிறது. நடுவதற்கு முன் இன்னொரு சோதனையும் உண்டு. சில சிலந்தி ஆர்க்கிட்கள் பெண் குளவியின் வாசனையை வீசி ஆண் குளவியை ஏமாற்றி மகரந்தம் கடத்துபவை. எனவே பூவை எடுத்துப்போய் நடப்போகும் இடத்தில் வைத்து, குளவி வருகிறதா என்று பார்க்கிறார்கள். வராத இடத்தில் நட்டால் செடி பூக்கும், காய்க்காது.

எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கு, ஆகவே, பாதிக் கணக்குதான். மனிதக் கை படாமல் அடுத்த தலைமுறை முளைத்ததா என்பது மீதி. யார்க்‌ஷயரில் அதற்கும் அண்மையில் விடை கிடைத்திருக்கிறது: மறுநடவு நடந்த இடம் ஒன்றில், யாரும் விதைக்காத லேடீஸ் ஸ்லிப்பர் கன்று ஒன்று தானாக முளைத்திருந்தது. அதற்கு வேண்டிய பூஞ்சை அந்த மண்ணில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.