நினைவட்டையின் எல்லை எங்கே இருக்கிறது?

தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய ஒரு சிறு தகடு; எடை சுமார் 2 கிராம். பழைய காமிராவில் பிலிம் சுருள் செய்த வேலையை இன்று டிஜிட்டல் காமிராவில் செய்வது இந்த ‘மெமரி கார்டு’ எனப்படும் நினைவட்டைதான்.

கடையில் புதிதாக வாங்கிய 128 கிகாபைட் அட்டை ஒன்றை, 2005-ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த ஒரு காமிராவில் செருகுவதாக வைத்துக்கொள்வோம். அக்காலத்தில் அது மிகுந்த விலையுள்ள, உயர்தரக் காமிராவாகவே இருந்திருக்கலாம். ஆயினும் பெரும்பாலும் அது அந்த அட்டையை ஏற்க மறுத்துவிடும். அட்டையில் குறையில்லை, காமிராவும் பழுதாகவில்லை, செருகும் இடத்திலும் அட்டை சரியாகவே பொருந்துகிறது. பின் தடை எங்கே இருக்கிறது?

இது வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. இதற்கு விடை தெரியாததால், திரும்ப எடுக்கவே முடியாத படங்களை இழந்து நிற்பவர்கள் உண்டு. ஆகவே சற்று நிதானமாக ஆராய்வோம்.

எலெக்ட்ரான்களின் சிறைக்கூடம்

நினைவட்டைக்குள் இருப்பது ‘ஃபிளாஷ்’ வகை நினைவகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணிபுரிந்த ஃபுஜியோ மசுவோகா இதனை உருவாக்கி 1984-இல் வெளியிட்டார். இன்றைய அட்டைகளில் உள்ள ‘நான்ட்’ என்னும் வகை 1987-இல் வெளியிடப்பட்டது. பெரும் பகுதியை ஒரே வீச்சில் அழித்துவிட முடிந்ததால், காமிராவின் ஒளிவீச்சை நினைவூட்டும் இப்பெயரை அவருடைய சக ஊழியர் ஒருவர் சூட்டினார் என்பர்.

இந்நினைவகம் கோடிக்கணக்கான மிகச் சிறிய அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறையிலும் மின்காப்புப் பொருளால் நாற்புறமும் சூழப்பட்ட ஒரு சிறு பகுதி உண்டு. போதிய மின்னழுத்தம் கொடுத்தால், குவாண்டம் இயற்பியல் கூறும் ‘சுரங்க விளைவினால்’ எலெக்ட்ரான்கள் காப்புச் சுவரைக் கடந்து உள்ளே சென்றுவிடும். மின்னழுத்தத்தை நீக்கியதும் அவை வெளியேற வழியின்றி அங்கேயே சிறைப்பட்டிருக்கும். அதனால்தான் மின்சாரம் இல்லாமலேயே படங்கள் பல ஆண்டுகள் அட்டையில் தங்குகின்றன.

அறையில் எலெக்ட்ரான்கள் உண்டு அல்லது இல்லை என்று இரண்டு நிலைகளை மட்டும் பிரித்தறிந்தால், ஓர் அறை ஒரு ‘பிட்’ செய்தியைத் தாங்கும். நிரம்பிய அளவைக் கொண்டு 4 நிலைகளைப் பிரித்தறிந்தால் 2 பிட். 16 நிலைகளைப் பிரித்தறிந்தால் 4 பிட். இதோடு, ஒரே தளத்தில் பரப்பிய அறைகளை மாடிமேல் மாடியாக அடுக்கும் முறையும் வந்துவிட்டது. இப்போது 200 அடுக்குகளுக்கும் மேற்பட்ட நினைவகங்கள் உற்பத்தியாகின்றன. ஆகவே, அறைகளைப் பெருக்குவதில் தொழில்நுட்பம் வேகமாகவே முன்னேறியிருக்கிறது. நம் பழைய காமிராவைத் தடுத்தது அறைப் பஞ்சம் அன்று.

அறை இருந்தால் போதுமா?

ஒரு ரயில் நிலையத்தில் பொருள் காப்பறை இருக்கிறது. அங்குள்ள ரசீதுப் புத்தகத்தில், பெட்டியின் எண்ணை எழுத இரண்டே கட்டங்கள் அச்சிடப்பட்டுள்ளன. 00 முதல் 99 வரை 100 எண்களை எழுதலாம். நிலைய அதிகாரி புதிதாக 200 பெட்டிகளை வாங்கி வைத்தாலும் பயனில்லை. 100-ஆவது எண்ணுக்குப் பிறகு எழுதக் கட்டம் கிடையாது. பெட்டி இருக்கிறது, அதைக் குறிப்பிட எண் இல்லை.

நினைவட்டையின் நிலையும் இதுவே. காமிரா ஒரு படத்தை எழுதும்போது, ‘இந்த எண்ணுள்ள இடத்தில் எழுது’ என்று அட்டைக்குக் கட்டளையிடுகிறது. அந்த எண்தான் முகவரி. காமிராவும் கணிப்பொறியும் 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டுமே பயன்படுத்துவதால், ஒரு கட்டம் கூடினால் முகவரிகளின் எண்ணிக்கை இரு மடங்காகும். 10 கட்டங்களில் 1,024 முகவரிகள். 20 கட்டங்களில் சுமார் 10 லட்சம். 32 கட்டங்களில் சுமார் 429 கோடி.

எஸ்.டி. அட்டையின் நான்கு தலைமுறைகள்

இன்று பரவலாக வழங்கும் எஸ்.டி. அட்டையை மட்சுஷிடா, சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 1999-இல் அறிவித்தன. இதன் முகவரிக்கு 32 கட்டங்கள், அதாவது 32 பிட், ஒதுக்கப்பட்டன. முதல் தலைமுறையில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி. 429 கோடி பைட் என்றால் 4 கிகாபைட். ஆனால் அதில் பயன்பட்ட ‘ஃபேட் 16’ என்னும் கோப்புப் பதிவேடு இன்னும் குறுகியது. ஏறத்தாழ 65,000 தொகுதிகளை மட்டுமே அது கணக்கு வைக்கும். ஒரு தொகுதி 32 கிலோபைட். இரண்டையும் பெருக்கினால் 2 கிகாபைட். அதுவே முதல் தலைமுறையின் எல்லையாயிற்று.

2006-இல் எஸ்.டி.எச்.சி. என்ற இரண்டாம் தலைமுறை வந்தது. பொறியாளர்கள் இதில் ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டனர். ஒவ்வொரு பைட்டுக்கும் எண் கொடுக்காமல், 512 பைட் கொண்ட ஒரு கட்டுக்கு ஓர் எண் என்று வைத்தனர். தெருவிலுள்ள ஒவ்வொருவருக்கும் எண் கொடுப்பதற்குப் பதில், வீட்டுக்கு ஓர் எண் கொடுப்பது போன்றது இது. அதே 32 பிட் முகவரி இப்போது 2 டெராபைட் வரை எட்டியது. எனினும் விதிமுறையில் எல்லையை 32 கிகாபைட் என்றே வகுத்தனர். 2009-இல் அறிவித்த எஸ்.டி.எக்ஸ்.சி. வகைதான் அந்த 2 டெராபைட்டை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது. 2018-இல் எஸ்.டி.யு.சி. வகைக்காக முகவரியில் 6 பிட்டுகளைக் கூட்டினர். ஆறு முறை இரட்டித்தால் 64 மடங்கு. ஆகவே எல்லை 128 டெராபைட் ஆயிற்று.

இப்போது பழைய காமிராவின் சிக்கல் விளங்கும். பைட்டுக்கு ஓர் எண் என்ற மொழியை மட்டுமே அது அறியும். புதிய அட்டையோ கட்டுக்கு ஓர் எண் என்ற மொழியில் பேசுகிறது. உடல் பொருந்தினாலும் மொழி பொருந்தவில்லை.

பதிவேட்டில் மற்றோர் எல்லை

அட்டைக்குள் எந்தப் படம் எங்கே இருக்கிறது, அதன் நீளம் என்ன என்பதையெல்லாம் கோப்புப் பதிவேடு குறித்து வைக்கிறது. எஸ்.டி.எச்.சி. அட்டைகளில் உள்ள ‘ஃபேட் 32’ பதிவேட்டில், கோப்பின் நீளத்தை எழுத 32 பிட் மட்டுமே உண்டு. எனவே அட்டையில் எவ்வளவு இடமிருந்தாலும், தனிக் கோப்பு ஒன்று 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. 2008-இல் வெளிவந்த கேனன் இ.ஓ.எஸ். 5டி மார்க் 2 காமிராவில் உயர்தர வீடியோ ஏறத்தாழ 12 நிமிடத்தில் நின்றுவிடும். காரணம் இதுதான். 64 பிட்டில் நீளத்தை எழுதும் ‘எக்ஸ்ஃபேட்’ என்ற பதிவேடு எஸ்.டி.எக்ஸ்.சி. அட்டைகளில் இடம்பெற்ற பின்னரே இத்தடை நீங்கியது.

இவ்வளவு இடம் எதற்கு என்று கேட்கலாம். 1999-இல் வந்த நிக்கான் டி1 காமிராவின் படத்தில் சுமார் 27 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 12 பிட் என்று கொண்டால், சுருக்காத படம் ஏறத்தாழ 4 மெகாபைட். 2020-இல் வந்த கேனன் இ.ஓ.எஸ். ஆர்5 காமிராவில் 4.5 கோடி புள்ளிகள். புள்ளிக்கு 14 பிட் என்றால், சுமார் 79 மெகாபைட். அதே காமிராவின் மிக உயர்ந்த வீடியோ முறை விநாடிக்கு 2,600 மெகாபிட், அதாவது 325 மெகாபைட் எழுதுகிறது. அதற்கு 128 கிகாபைட் அட்டை ஆறரை நிமிடத்துக்குத்தான் வரும்.

படங்கள் அழியும் இரு வழிகள்

முதலாவது, அவசரம். எஸ்.டி.எக்ஸ்.சி. அட்டையிலுள்ள எக்ஸ்ஃபேட் பதிவேட்டைப் படிக்கத் தெரியாத பழைய கருவி, அட்டையை வெற்று அட்டை என்றே எண்ணி, ‘ஃபார்மட் செய்யலாமா?’ என்று கேட்கும். சரி என்று பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் படங்கள் போயின. அப்போது செய்யவேண்டியது ஒன்றே: மறுத்துவிட்டு, அட்டையை வெளியே எடுத்துப் புதிய கருவியில் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, போலி அட்டை. மேலே ‘1 டெராபைட்’ என்று அச்சிட்டு, மிக மலிவாக விற்கும் அட்டைகள் சிலவற்றில் உண்மையில் 16 அல்லது 32 கிகாபைட் அறைகளே இருக்கும். அட்டையின் கட்டுப்பாட்டுச் சில்லுக்குப் பொய் சொல்லக் கற்பித்திருப்பார்கள். ஸ்கூட்டரின் தூரமானி 99999-ஐத் தாண்டியதும் மீண்டும் 00000 காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல், இல்லாத முகவரிக்கு வந்த படம் சுழன்று முதல் அறைக்கே போய், அங்குள்ள பழைய படத்தின்மேல் எழுதப்படலாம். அல்லது எங்குமே எழுதப்படாமல் போகலாம். காமிரா ஓர் எச்சரிக்கையும் காட்டாது. படங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். திறந்தால்தான் இழப்பு தெரியும். எனவே புதிய அட்டையை முக்கிய நிகழ்ச்சிக்கு எடுத்துச் செல்லுமுன், அது நிரம்பும்வரை கோப்புகளை எழுதி, அத்தனையையும் திறந்து சரிபார்த்துவிடுங்கள்.

ஆனால் 64 கிகாபைட் அட்டை கணிப்பொறியில் 59.6 என்று காட்டினால் அஞ்ச வேண்டாம். தயாரிப்பாளர் கிகாபைட்டை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். கணிப்பொறியோ 1,024-ஐ மும்முறை பெருக்கிய 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட் என்று எண்ணுகிறது. வேறுபாடு அளவுகோலில்தான்.

ஆக, அட்டையின் கொள்ளளவு மூன்று எல்லைகளுக்கு உட்பட்டது: அறைகளின் எண்ணிக்கை, முகவரியின் அகலம், பதிவேட்டின் அகலம். மூன்றில் எது மிகச் சிறியதோ அதுவே செல்லும். முதலாவதை இயற்கையும் தொழில்நுட்பமும் வகுக்கின்றன. மற்ற இரண்டையும் வகுப்பவர்கள், எத்தனை கட்டங்கள் போதும் என்று ஒரு நாள் முடிவுசெய்யும் பொறியாளர்களே.

இறுதியாக உங்களுக்கு ஒரு கணக்கு. உயர்தரக் காமிராக்களில் நெடுங்காலம் பயன்பட்ட ‘காம்பாக்ட் ஃபிளாஷ்’ அட்டையில் முகவரி 28 பிட். கட்டுக்கு 512 பைட். 2010-இல் அதனை 48 பிட்டாக உயர்த்தினார்கள். அதற்கு முன் அதன் எல்லை எத்தனை கிகாபைட்டாக இருந்திருக்கும்? கிகாபைட்டை 100 கோடி பைட் என்று கொண்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். விடை 137-ஐ ஒட்டி வந்தால் உங்கள் கணக்கு சரி.