எல்லைக் கல்லும் நம் வீட்டுச் சுவரும்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று பெரியவர்கள் சொன்னார்கள். கல்யாணத்தில் ஒரு குறை வந்தால் நாலு பேரை வைத்துச் சமாதானம் பேசிவிடலாம். எல்லைக் கோட்டின் மேல் எழுப்பிய சுவரை மூன்றடி உள்ளே தள்ளி வைக்க யாராலும் முடியாது. இடிக்கத்தான் வேண்டும்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஊரை ஒட்டிப் புதிய மனைப்பிரிவுகள் பெருகிவிட்டன. நம் உறுப்பினர்களில் பலர், கீழே கடை, மேலே குடும்பம் என்று வீடு கட்டத் திட்டமிடுகிறார்கள். கடையில் ஓர் அலமாரித் தட்டைக்கூட வீணாக்காத நமக்கு, காசு கொடுத்து வாங்கிய மனையில் சுற்றிலும் இடம் விடு என்றால் மனம் ஒப்புவதில்லை. ஆனால் அந்தக் காலியிடமே நம் முதலுக்குக் காவல் என்பதை இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

விதி எங்கே இருக்கிறது?

முன்பு நகராட்சிக்கு ஒரு விதி, ஊராட்சிக்கு 1997-ஆம் ஆண்டு விதி எனத் தனித்தனியாக இருந்தன. 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுமைக்கும் பொதுவானவை. ஆகவே, ‘எங்கள் மனை ஊராட்சியில் இருக்கிறது, விதி கிடையாது’ என்ற பேச்சு செல்லாது.

முன்புறம் எவ்வளவு விட வேண்டும் என்பது எதிரே உள்ள சாலையின் அகலத்தைப் பொறுத்தது. சாலை அகலமானால் விடவேண்டிய இடமும் கூடும். பக்கங்களில் விடும் அளவு, மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. பழைய கடைவீதி போலச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டத் தொடர் கட்டடப் பகுதி என அறிவித்த இடங்களில் மட்டுமே அனுமதி உண்டு. பெரிய கடைவீதியில் பார்த்ததைப் புதிய மனைப்பிரிவில் செய்யப் போனால் தவறு அங்கேதான் தொடங்குகிறது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், படம் போடும் நாளில் உள்ள அளவை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

30 அடி அகலம், 40 அடி நீளமுள்ள மனை. மொத்தம் 1200 சதுர அடி. முன்னே 5 அடி, பின்னே 3 அடி, இரு பக்கமும் 3 அடி விடுவதாக ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அப்போது கட்டடத்துக்குக் கிடைப்பது 24-க்கு 32, அதாவது 768 சதுர அடி. 432 சதுர அடி போய்விட்டதே என்று தோன்றும். ஆனால் மேலே ஒரு தளம் எழுப்பினால் 1536 சதுர அடி ஆகிவிடும். உயரமில்லாத கட்டடங்களுக்கு மனைப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு வரை தளப்பரப்பு பொதுவாக அனுமதிக்கப்படுகிறது. பக்கத்தில் விட்டதை மேலே எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. மனை வாங்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் பிறகு ஏமாற்றம் இல்லை.

எங்கிருந்து அளப்பது?

பெரும்பாலான வழக்குகள் பிறப்பது இங்கேதான். பழைய வேலியையோ பக்கத்து வீட்டுக் காம்பவுண்டையோ எல்லையாக எடுத்துக்கொண்டு கயிறு பிடிக்கிறார்கள். அந்தக் காம்பவுண்டே ஓரடி தள்ளி நின்றால் நம் கணக்கு முழுவதும் தள்ளிப்போகும். பத்திரத்தில் உள்ள செக்குபந்தியையும், அரசு புலப்படத்தையும் வைத்துக்கொண்டு, பக்கத்து மனைக்காரரையும் உடன் நிறுத்தி, சர்வேயரைக் கொண்டு அளந்து கல் நட்ட பின்பே வானம் தோண்ட வேண்டும். முன்புறச் சாலை விரிவாக்கத்துக்கு உட்பட்டதா என்பதையும் அப்போதே விசாரிக்க வேண்டும். சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி மனை வாங்கியவர்கள், நெடுஞ்சாலைக்கென்று தனியாக உள்ள கட்டடக் கோட்டையும் கேட்டறிவது அவசியம்.

நம் பகுதியில் கரிசல் மண் மிகுதி. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கிப் பிளக்கும் மண் அது. அஸ்திவாரம் ஆழமாகவும் அகலமாகவும் போக வேண்டியிருக்கும். சுவர் எல்லைக் கோட்டிலேயே நின்றால் அதன் அடிப்பகுதி பக்கத்து மனைக்குள் போய்விடும். பின்னாளில் அவர் தமது வீட்டுக்கு வானம் தோண்டும்போது ஆபத்து நமக்கு.

கொட்டகை என்ற வினை

நமக்கு உரிய முக்கியமான விஷயம் இனிதான். அனுமதிப் படத்தில் முன்னே இடம் காட்டி வீடு கட்டியாகிவிட்டது. ஒரு வருடம் கழித்து அந்த இடத்தில் தகரக் கொட்டகை, அடுத்து ஷட்டர், அடுத்து மளிகைச் சரக்கு. சின்ன வெங்காய மூட்டையோ சிமெண்ட் மூட்டையோ கொண்டுவரும் லாரி நடுத்தெருவில் நின்று சரக்கு இறக்கும். தெருக்காரர்கள் மனு கொடுப்பார்கள். இப்படிச் சேர்த்த இடத்துக்குத்தான் முதல் நோட்டீஸ் வரும்.

சென்னை தியாகராய நகரில் நடந்தது நினைவிருக்கும். 2011 தீபாவளி முடிந்த சில நாட்களில், அக்டோபர் 31 அன்று, ரங்கநாதன் தெருப் பகுதியில் விதி மீறிக் கட்டிய பெரிய கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். எத்தனை முதல், எத்தனை பேர் வேலை! அதே தியாகராய நகரில் 2017 மே 31 அன்று ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் பிடித்த தீயை அணைக்க ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. பின்னர் கட்டடத்தையே இடித்தார்கள். எண்ணெய், தீப்பெட்டி, அட்டைப்பெட்டி என்று எரியும் சரக்கையே அடுக்கி வைத்திருக்கும் நாம், கட்டடத்தைச் சுற்றி ஆள் நடமாட ஒரு வழி வேண்டும் என்பதை மறக்கலாகாது.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் கவனிக்கத்தக்கது. காலம் கடந்துவிட்டது, பணம் செலவாகிவிட்டது என்ற காரணங்களால் விதிமீறல் சரியாகிவிடாது என்று கூறியதோடு, கட்டடத்தின் முடிவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் அதன் பேரில் கடன் தர வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. வீட்டை அடமானம் வைத்துச் சரக்கு எடுக்கும் நமக்கு இது நேராகத் தொடும் விஷயம்.

சுலபமான அனுமதியிலும் எச்சரிக்கை

2500 சதுர அடி வரை உள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர், தாமே சான்றளித்து இணைய வழியில் உடனடியாக அனுமதி பெறும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. நடையாய் நடப்பது குறைந்தது, நல்லதுதான். ஆனால் அதிகாரி முன்னால் வந்து பார்க்காததால், அளவுக்கான பொறுப்பு முழுவதும் கையெழுத்திட்ட நம் தலையில். மேலும் இது குடியிருப்புக்கான சலுகை. கீழே கடை வைக்கும் எண்ணமிருந்தால் தொடக்கத்திலேயே கடை எனக் காட்டி முறைப்படி அனுமதி பெறுவதே அழகு.

ஆகவே, மேஸ்திரியிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். கல்லை அளந்து நடுங்கள். சாலை அகலத்தையும் விட வேண்டிய இடத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைக்கும் வண்டிக்கும் வேண்டிய இடத்தைப் படத்திலேயே காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு சுமுகமும், வங்கியில் நாணயமும், இரவில் நிம்மதியான தூக்கமும் அந்த மூன்றடியில் இருக்கின்றன.